இந்தப் பழுப்புக் குருவிக்குப் பேர் என்ன பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது, பயப்படாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச பறவைகளோட பேரை ஒரு பேப்பர்ல வரிசையா எழுதுங்க பார்ப்போம். காக்கா, மைனா, கிளி, மயில், குயில், புறா, கொக்கு, பருந்து, ஆந்தை... ஒன்பது தாண்டினதும் பேனா நொண்டும். அப்போ கை தானா ஒரு பேரை எழுதும் பாருங்க... 'குருவி'! அதோட பேப்பரை மடிச்சுக் குடுத்துட்டு கேன்டீன் பக்கம் ஒதுங்கிடுவோம்.

மேட்டரே அங்கதான் ஆரம்பிக்குது. 'குருவி'ங்கிறது 'பையன்'னு சொல்ற மாதிரி. உங்க ஹாஸ்டல்ல நானூறு பேர் இருக்கும்போது, வார்டன் எல்லாரையும் 'டேய் பையா'ன்னு மட்டுமே கூப்பிட்டா எப்படி இருக்கும்? நாலு பேர் காணாமப் போனாலும் யாருக்கும் தெரியாது இல்லையா? புல்வெளியில திரியிற சின்னச் சின்னப் பாட்டுக்காரப் பறவைகளோட நிலைமை இன்னிக்கு அதுதான். எல்லாமே பழுப்பு. எல்லாமே உள்ளங்கை அளவு. எல்லாமே நாம கேமராவைத் தூக்கறதுக்குள்ள எஸ்கேப்! வெளிநாட்டுப் பறவை ஆர்வலர்களே இதுங்களுக்கு 'எல்.பி.ஜே.'ன்னு பட்டப்பேர் வெச்சிருக்காங்க. நம்ம பாஷையில சொன்னா, 'சின்னதா, பழுப்பா ஏதோ ஒண்ணு'!

அந்த 'ஏதோ ஒண்ணு'க்குப் பேர் கண்டுபிடிக்கிறதுதான் ரெண்டு வருஷமா என்னோட முழுநேர வேலை. (படிப்பு பார்ட் டைம்!) கோயமுத்தூர்ல ஒரு இன்ஜினீயரிங் காலேஜ்ல ட்ரிபிள் ஈ மூணாவது வருஷம் நான். அம்மாவுக்குச் சொந்த ஊர் காங்கயம் பக்கம் ஒரு கிராமம். லீவு விட்டா போதும், சித்தப்பாவோட பழைய கேமராவையும் 70-300 லென்ஸையும் வாங்கிக்கிட்டு, அப்புச்சியோட டிவிஎஸ் எக்ஸ்எல்லை உதைச்சுக் கிளம்பிடுவேன். "பொட்டப்புள்ளைக்கு வெயில்ல என்ன வேலை? மூஞ்சி கறுத்துப் போகுது பாரு"ன்னு அமுச்சி வாசல்ல நின்னு சத்தம் போடும். போடட்டுமே!

காடுன்னா மரம் இல்லீங்க!

கொங்கு நாட்டுல யாராவது 'காட்டுக்குப் போறேன்'னு சொன்னா யானை, புலியெல்லாம் கற்பனை பண்ணாதீங்க. எங்க ஊர்ல விவசாய நிலத்துக்குப் பேரே காடுதான். அதுல மேய்ச்சலுக்குன்னே விட்டு வெச்சிருக்கிற நிலம்தான் 'கொறங்காடு'. திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள்ல மழை கம்மியான பகுதிகள்ல பரவிக் கிடக்கு. சுத்தி முள்கிளுவை வேலி. உள்ளே நுழைய ஒரு படல். தரையெல்லாம் கொழுக்கட்டைப் புல். அங்கங்கே குடை விரிச்ச மாதிரி வெள்வேல மரம். பாசனம் கிடையாது, உரம் கிடையாது. மழை பெஞ்சா புல்லு, புல்லு இருந்தா மாடு. ரேக்ளா வண்டியில பறக்குமே காங்கயம் காளை... அது வளர்ற வீடே இந்தக் கொறங்காடுதான்.

இங்கதான் ஒரு அழகான விஷயம் நடக்குது. ஒரு காட்டுல மாடும் ஆடும் மேய்ஞ்சு முடிச்சதும், படலைச் சாத்திட்டு அடுத்த காட்டுக்கு மாத்தி விடுவாங்க. மேய்ஞ்ச காட்டுல புல்லு ஒட்ட வெட்டின கிராப்பு மாதிரி இருக்கும். பக்கத்துக் காட்டுல முழங்கால் உசரம் நிக்கும். வேலி ஓரத்துல முள்ளு. அவ்வளவுதான்... மூணு விதமான பறவைக்கு மூணு விதமான வீடு ரெடி! வெறும் தரையும் கட்டைப் புல்லும் வேணும்னு ஒரு கோஷ்டி, நெட்டைப் புல்லுக்குள்ள ஒளிஞ்சுக்கிற ஒரு கோஷ்டி, முள்ளு உச்சியில உட்கார்ந்து கச்சேரி பண்ற இன்னொரு கோஷ்டி. சென்னைக்குப் போற ரயில்ல ஸ்லீப்பர், சேர் கார், அன்ரிசர்வ்டுன்னு இருக்கிற மாதிரி, ஆறு ஏக்கருக்குள்ள எல்லா கிளாஸும் உண்டு. அதனால பறவையோட நிறத்தைப் பார்க்கறதுக்கு முன்னாடி, அது எந்த கம்பார்ட்மென்ட்ல உட்கார்ந்திருக்குன்னு பாருங்க. பாதி விடை அங்கேயே கிடைச்சிடும்.

வானம்பாடியா... நெட்டைக்காலியா?

தரையில ஒரு பழுப்புப் பறவை நடந்து போகுதா? முதல் கேள்வி இதுதான். வானம்பாடி கொஞ்சம் குண்டு. தடிச்ச அலகு, கட்டை வால். தரையோட தரையா பம்மிப் பம்மி நடக்கும், ஹால் டிக்கெட் வாங்காத ஆள் எக்ஸாம் ஹாலைத் தாண்டிப் போற மாதிரி. நெட்டைக்காலி அப்படியே ஆப்போசிட். ஒல்லி உடம்பு, பேருக்கு ஏத்த நீளக் கால், நெஞ்சை நிமிர்த்தி நிக்கும். அடிக்கடி வாலை மேலேயும் கீழேயும் ஆட்டும். காரணம் சிம்பிள்... நெட்டைக்காலி வாலாட்டிக் குடும்பத்துச் சொந்தம். ரத்தத்துலயே ஊறின பழக்கம்!

வானம்பாடிங்கிற பேரு நமக்குப் புதுசு இல்லை. பட்டினப்பாலையில, காவிரியோட பெருமையைச் சொல்ல வர்ற புலவர், மழைத்துளியையே சாப்பாடா வெச்சிருக்கிற ஒரு பாடும் பறவையைத்தான் தொடக்கத்திலேயே துணைக்குக் கூப்பிடறார். அது வானம்பாடிதான்னு உரைகாரங்க சொல்றாங்க. 1963-ல கண்ணதாசன் தயாரிச்ச படத்துக்குப் பேர் 'வானம்பாடி'. 1970-கள்ல எங்க கோயமுத்தூர்ல கிளம்பின புதுக்கவிதை இயக்கத்துக்கும் அதே பேர்தான். இவ்வளவு பேருக்குப் பேர் குடுத்த பறவை, நம்ம வீட்டுக் காட்டுல ஓடிட்டு இருக்கும்போது 'ஏதோ குருவி'ன்னு தாண்டிப் போறோமே, நியாயமா?

சரி, கொறங்காட்டுல எந்த வானம்பாடி? முதல்ல ஈஸியான ஆளை அறிமுகப்படுத்தறேன். சாம்பல்தலை வானம்பாடி. ஆணுக்குச் சாம்பல் நிறத் தலை, கண்ணு வழியா ஒரு கறுப்புப் பட்டை, வயிறு முழுக்கக் கறுப்பு. பார்த்தா விட்டுட மாட்டீங்க. ஆனா பெண் இருக்கே... மண்ணுக்கு இறக்கை முளைச்ச மாதிரி இருக்கும். பக்கத்துல ஆண் இருந்தாதான் நம்பிச் சொல்லலாம். இந்த ஆண் பண்ற சாகசம் தனி. ஜிவ்வுன்னு மேல ஏறும், அப்புறம் இறக்கையை மடக்கிக்கிட்டுக் கல்லு மாதிரி கீழ விழும், தரையைத் தொடறதுக்கு முன்னாடி சுதாரிச்சுத் திரும்ப எழும்பும். கூடவே நீளமா ஒரு விசில்!

அடுத்தவர்தான் என்னோட ஃபேவரிட். ஜெர்டன் புதர் வானம்பாடி. 19-ம் நூற்றாண்டுல மெட்ராஸ் ராணுவத்துல டாக்டரா இருந்த தாமஸ் ஜெர்டன் பேரைச் சுமக்கிற பறவை. அவர் இந்தியப் பறவைகள் பத்தி எழுதின புத்தகம் 1862-லேர்ந்து 1864-க்குள்ள வெளியாச்சு. இந்தப் பறவை இந்தியாவோட தெற்கு, கிழக்குப் பகுதிகள், அப்புறம் இலங்கை... உலகத்துல இவ்வளவு இடத்துலதான் இருக்கு. அமேசான் காட்டுக்குப் போனாலும் பார்க்க முடியாது, காங்கயம் டவுன் பஸ் ஏறினா பார்க்கலாம்! தடிச்ச அலகு, நெஞ்சுல கறுப்புப் புள்ளி, பறக்கும்போது இறக்கையில ஒரு செம்பழுப்பு.

இவரோட கதையில ஒரு ட்விஸ்ட் இருக்கு. ரொம்ப வருஷமா இது தனி இனம்னே யாரும் ஒத்துக்கலை. வங்காளம், பர்மா, இந்தோசீனா பக்கத்துல இருக்கிற ஜாடை ஒத்த வானம்பாடிகளோட சேர்த்து எல்லாத்தையும் ஒரே இனமா எழுதி வெச்சிருந்தாங்க. ஸ்வீடனைச் சேர்ந்த பெர் ஆல்ஸ்ட்ரோம்ங்கிற பறவையியலாளர், அதுங்களோட பாட்டையும் பறக்கிற ஸ்டைலையும் பொறுமையா ஒப்பிட்டுப் பார்த்து, 1998-ல 'இது ஒண்ணு இல்லீங்க, நாலு'ன்னு எழுதினார். யோசிச்சுப் பாருங்க... இறகை வெச்சு மட்டும் பிரிக்கக் கஷ்டமான பறவையை, பாட்டு பிரிச்சுக் குடுத்துடுச்சு!

இதைப் படிச்சிட்டு நான் அப்புச்சிகிட்ட போய் போட்டோவைக் காட்டி, "அப்புச்சி, இந்தக் குருவியைத் தெரியுமா?"ன்னு கேட்டேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாரு. "எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குது அம்மிணி. இது மேல போயி கல்லாட்டம் உழுகுமே, அதா? இல்ல முள்ளு மேல குந்திக்கிட்டு இழுத்து இழுத்துக் கத்துமே, அதா?"ன்னாரு. அசந்துட்டேன் பாஸ்! அவருக்குப் பேரு தெரியாது. ஆனா ரெண்டும் வேற வேறன்னு தெரியும். அதுவும் பாட்டையும் பறக்கிற ஸ்டைலையும் வெச்சு! ஆல்ஸ்ட்ரோம் ஆராய்ச்சிக் கட்டுரையில எழுதின வழியை, அப்புச்சி மாட்டுப் பின்னாடி நடந்தே பிடிச்சிட்டாரு.

நெட்டைக்காலிகள் கதை இன்னும் சுவாரஸ்யம். வருஷம் முழுக்க நம்ம ஊர்லயே இருக்கிறது வயல் நெட்டைக்காலி. சுமார் 15 சென்டிமீட்டர். 'செப்... செப்'னு சுருக்கமா ஒரு குரல். குளிர்காலம் வந்தா இதே ஜாடையில விருந்தாளிகள் வந்து இறங்குவாங்க. ரிச்சர்டு நெட்டைக்காலி சைபீரியா பக்கத்துல இருந்து. கொஞ்சம் பெருசு, ரொம்ப நிமிர்ந்து நிக்கும், பின்விரல் நகம் நல்ல நீளம், கிளம்பும்போது 'ஷ்ரீப்'னு உரக்கக் கத்தும். பிளைத் நெட்டைக்காலி மங்கோலியா பக்கத்துல இருந்து. பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை, அத்தனை தூரம் பறந்து வந்து நம்ம ஊர் ஆட்டுப் புழுக்கை நடுவுல பூச்சி பொறுக்கிட்டு இருக்கும்! இந்த மூணையும் பிரிக்கணும்னா இறக்கை மேல இருக்கிற சின்ன மூடு இறகுகளைப் பார்க்கணும். பிளைத்துக்கு அந்த இறகு நடுவுல கறுப்பு சதுரமா வெட்டின மாதிரி இருக்கும். ரிச்சர்டுக்கு அது கூம்பா நீளும். மில்லிமீட்டர் விளையாட்டு. அதுக்குத்தான் கேமரா.

ஒரு சூப்பர் போட்டோவை விட நாலு சுமார் போட்டோ!

'ஆறு லட்ச ரூபா லென்ஸ் வேணுமாமே'ன்னு யாராவது பயமுறுத்தினா நம்பாதீங்க. காலண்டர்ல போடத்தான் அதெல்லாம். பேர் கண்டுபிடிக்க 300 மில்லிமீட்டர் லென்ஸும், அஞ்சாறு பழக்கமும் போதும்.

முதல் பழக்கம், சீக்கிரம் எழுந்திருக்கறது. (தெரியும், இங்கேயே பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டிடுவீங்க!) காலையில ஆறரையிலேர்ந்து ஒன்பது வரைக்கும்தான் கச்சேரி. அதுக்கு மேல தரை சூடாகி, அதுக்கு மேல இருக்கிற காத்தோட ஒளிவிலகல் எண் நொடிக்கு நொடி மாறும். அதுதான் கானல். நீங்க எவ்வளவு கச்சிதமா ஃபோகஸ் பண்ணாலும் பறவை தண்ணிக்குள்ள இருக்கிற மாதிரிதான் விழும். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் கொறங்காட்டுல வந்து வைவா கேக்கும்!

ரெண்டாவது, ஷட்டர். உட்கார்ந்திருக்கிற சின்னப் பறவையே ஒரு இடத்துல நிலையா இருக்காது. அதனால 1/1000-க்குக் கீழ இறங்காதீங்க. பறக்கிறதை எடுக்கணும்னா 1/2000 வேணும். ஐஎஸ்ஓ ஏறினா ஏறட்டும். குறுகுறுன்னு மணல் தூவின மாதிரி படம் வந்தாலும் இறகைப் படிக்க முடியும். ஆடிப்போன படத்துல ஒண்ணும் படிக்க முடியாது.

மூணாவது, உசரம். நின்னுக்கிட்டு எடுத்தா முதுகும் தலையும்தான் கிடைக்கும். உட்காருங்க. முடிஞ்சா குப்புறப் படுங்க. (நெருஞ்சி முள்ளு இருக்கான்னு பார்த்துட்டு!) பறவையோட கண்ணு உசரத்துக்கு வந்தாத்தான் நெஞ்சுல இருக்கிற கோடு, அலகோட தடிமன், காலோட நீளம் எல்லாம் தெரியும். நேரா அதை நோக்கி நடக்காதீங்க. சும்மா எங்கயோ போற மாதிரி சாய்வா வளைஞ்சு போங்க. மொபெட்ல உட்கார்ந்தே எடுத்தா இன்னும் நல்லது. வண்டியைக் கண்டு ஓடாத பறவை, இறங்கி நிக்கிற மனுஷனைக் கண்டா ஓடிடும்.

நாலாவதுதான் ரொம்ப முக்கியம். அழகா ஒரு போஸ் கிடைச்சதும் திருப்தியாகி நிறுத்திடாதீங்க. பக்கவாட்டுல ஒண்ணு, முதுகு ஒண்ணு, நெஞ்சு ஒண்ணு, வால் விரிஞ்சப்ப ஒண்ணு, பின்விரல் நகம் தெரியற மாதிரி ஒண்ணு. தனித்தனியா பார்த்தா எல்லாம் மொக்கையாத்தான் இருக்கும். சேர்த்துப் பார்த்தா ஆதார் கார்டு மாதிரி! ஏன்னா ஒத்தைப் படம் பொய் சொல்லும். காலை வெயில்ல எல்லாப் பறவையும் செம்பழுப்பாத் தெரியும். மேகமூட்டத்துல அதே பறவை சாம்பலாத் தெரியும். இறகு உதிர்ந்து புதுசு முளைக்கிறதுக்கு முன்னாடி, நைஞ்சு வெளுத்துப்போன சட்டை மாதிரி நிறமே மாறியிருக்கும். ஃபேஸ்புக்ல புரொஃபைல் படத்தை மட்டும் பார்த்து ஆளை முடிவு பண்ற மாதிரி ஆயிடும் கதை.

ஃபூரியருக்கு ஒரு கும்பிடு!

'இந்த ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம் வாழ்க்கையில எதுக்கு மிஸ் பயன்படும்?'னு ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு கிளாஸ்லயும் ஒரு மகான் கேப்பார். அவருக்கான பதில் கொறங்காட்டுல இருக்கு.

முள்ளு மேல உட்கார்ந்து பாடுற ஜெர்டனை உங்க செல்போன்லயே ரெகார்டு பண்ணுங்க. நொடிக்கு 44,100 தடவை சாம்பிள் எடுத்தா 22,050 ஹெர்ட்ஸ் வரைக்கும் பதிவாகும். (நைக்விஸ்ட் தாத்தா சொன்னது!) மனுஷக் காதுக்கே 20,000-தான் எல்லை. அப்போ பறவைப் பாட்டுக்கு செல்போனே தாராளம். அதை ஆடாசிட்டி மாதிரி இலவச சாஃப்ட்வேர்ல போட்டு 'ஸ்பெக்ட்ரோகிராம்' காட்டச் சொல்லுங்க. பாட்டு படமாகி வரும். குறுக்கே நேரம், மேல் நோக்கி அதிர்வெண். அப்புச்சி 'இழுத்து இழுத்துக் கத்தும்'னு சொன்னாரே, ஜெர்டனோட அந்தக் கரகர பாட்டு சீப்புப் பல்லு மாதிரி நெருக்கமா நிக்கும். சாம்பல்தலையோட விசில் ஒரே இழுப்பா, பென்சில் கோடு மாதிரி ஓடும். சிஸ்டிகோலான்னு ஒரு பறவை இருக்கு, பத்து சென்டிமீட்டர்தான் மொத்த உடம்பே. நெட்டைப் புல்லுக்கு மேல குதிச்சுக் குதிச்சுப் பறந்துக்கிட்டே 'ஜிட்... ஜிட்... ஜிட்...'னு சொல்லும். அது படத்துல கோலப் புள்ளி வெச்ச மாதிரி விழும். கண்ணால பார்க்கவே முடியாத வித்தியாசம் காதுல கேட்டு, திரும்பக் கண்ணுக்கு வருது. இதைப் பார்த்தப்புறம் டிஎஸ்பி பேப்பர் மேல எனக்கே ஒரு மரியாதை வந்துடுச்சு.

கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவை ஆய்வகம் வெளியிடற 'மெர்லின்' ஆப் இதே வேலையைத்தான் பண்ணுது. சத்தத்தை ஸ்பெக்ட்ரோகிராம் படமா மாத்தி, அந்தப் படத்தை நியூரல் நெட்வொர்க் வெச்சுப் படிக்குது. 2005-ல நெதர்லாந்துல ஆரம்பிச்ச 'ஜெனோ-கான்டோ'வுல உலகம் முழுக்க இருக்கிறவங்க பதிவு பண்ணின பறவைக் குரல்கள் இலவசமாக் கிடைக்குது. ஆனா ஒண்ணு... ஆப் சொல்றதை ஃப்ரெண்டு குடுத்த பிட்டு மாதிரி நினைச்சுக்குங்க. ரைட்டாவும் இருக்கலாம். சொந்தமா ஒரு தடவை சரிபார்த்துட்டு எழுதறதுதான் நல்லது!

கூட்டை விட்டுடுங்க, ப்ளீஸ்!

வானம்பாடியும் நெட்டைக்காலியும் மரத்துல கூடு கட்டாது. தரையிலேயே, புல்லுக்கு அடியில சின்னக் குழி மாதிரி. முட்டை அச்சு அசல் மண்ணு நிறம். நம்ம செருப்புக்கு அது தெரியாது. அதனால மழைக்கு அப்புறம் புல்லு செழிச்சிருக்கும்போது மாட்டுத்தடத்தை விட்டு இறங்காதீங்க. ஒரு பறவை அலகுல புழுவை வெச்சுக்கிட்டு, உள்ளே போகாம அங்கேயும் இங்கேயும் தவிச்சா, நீங்க அது வீட்டு வாசல்ல நிக்கிறீங்கன்னு அர்த்தம். பின்னாடி வாங்க. கூட்டைச் சுத்திப் புல்லை ஒதுக்கிப் படம் எடுத்தா, நாம கிளம்பின அடுத்த நிமிஷம் காக்காயும் கீரியும் அந்த வழியிலேயே வரும். குரலை ஸ்பீக்கர்ல போட்டுப் பறவையை வரவழைக்கிறதும் வேண்டாம். அதைப் பொறுத்தவரைக்கும் வீட்டுக்குள்ள திருடன் புகுந்த மாதிரி. பாட வேண்டிய நேரத்தையும் தீனி தேட வேண்டிய நேரத்தையும் சண்டையில தொலைச்சிடும். நமக்கு வேண்டியது ஒரு லைக். அதுக்குப் பணயம் ஒரு குடும்பம்!

'சும்மா கெடக்குற பூமி'

இவ்வளவு நேரம் ஜாலியா சொல்லிட்டேன். இப்போ கொஞ்சம் சீரியஸ்.

இந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தப்போ, தரகர் ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு. சோலார் பேனல் போட ஒரு கம்பெனி நிலம் தேடுதாம். "சும்மா கெடக்குற பூமிதானுங்களே... குத்தகைக்கு உட்டீங்கன்னா வருசா வருசம் கையில காசுங்க"ன்னாரு. மாமா முகத்துல ஒரு வெளிச்சம். அவரைத் தப்பு சொல்ல முடியாதுங்க. ஒரு காலத்துல பட்டி நிறைய மாடு இருந்த வீடு. இப்போ இருக்கிறது நாலே நாலு. மேய்க்க ஆள் கிடையாது. மழையும் சொன்ன நேரத்துக்கு வர்றதில்லை. மாமா பையன் அடுத்த வருஷம் காலேஜ் சேரணும். ஃபீஸ் என்னன்னு எனக்கே தெரியுமே!

எனக்கு இன்னொரு சங்கடம். நான் ட்ரிபிள் ஈ. சோலார் எங்க சிலபஸ். என் சீனியர்ஸ் சிலர் வேலை பார்க்கிறதே அந்த மாதிரி கம்பெனிகள்லதான். நாளைக்கு நானே போய் உட்காரலாம். நிலக்கரிப் புகைக்கு மாற்று வேணும்னு பரீட்சையில பதினாறு மார்க்குக்கு எழுதினவ நான். அதனால சோலாரை வில்லனாக்கி வசனம் பேச வரலை. என்னை உறுத்தினது அந்த ஒரு வார்த்தைதான்... 'சும்மா'.

இது தரகர் கண்டுபிடிச்ச வார்த்தை இல்லை. வெள்ளைக்காரன் காலத்துலயே, வரி வராத நிலத்துக்கு 'வேஸ்ட்'னு பேர். இன்னிக்கும் மத்திய அரசு வெளியிடற 'வேஸ்ட்லேண்ட்ஸ் அட்லஸ்' (கடைசியா 2019-ல வந்தது) வரைபடத்துல, புதர் நிலங்களும் சீர்கெட்ட மேய்ச்சல் நிலங்களும் தரிசுக் கணக்குலதான் வருது. எங்க காடு பட்டா பூமி. ஆனா பார்வை அதேதான். மரம் இருந்தா காடு, பயிர் இருந்தா வயல், ரெண்டும் இல்லைன்னா சும்மா. நீலகிரி மலை உச்சிப் புல்வெளிக்கும் இதுதான் நடந்துச்சு. புல்லு மட்டும் இருக்கேன்னு வெளிநாட்டு வாட்டில் மரத்தைக் கொண்டுவந்து நட்டாங்க. அங்கே நீலகிரி நெட்டைக்காலின்னு ஒண்ணு இருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையோட தெற்கு உச்சிகளைத் தவிர உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. மரம் வந்தா அதுக்கு வீடு போச்சு. மரம் நடறதும் தப்பாப் போற இடம் உண்டுங்கிறது எனக்கு அப்போதான் உறைச்சுது.

2023-ல வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களை அலசியிருக்கு. அதுல புல்வெளியையும் திறந்தவெளியையும் நம்பி வாழற பறவைகள் வேகமாக் குறைஞ்சிட்டு வருதுன்னு சொல்லியிருக்காங்க. இந்த அறிக்கைக்கு டேட்டா எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? 'இ-பேர்டு'ல 30,000-க்கும் மேற்பட்ட சாதாரண பறவை ஆர்வலர்கள் போட்ட பட்டியல்கள்லேர்ந்து! உங்களை மாதிரி, என்னை மாதிரி ஆட்கள். பட்டியல்ல 'ஏதோ குருவி'ன்னு எழுதினா கணக்குல வராது. பேரு இருந்தாத்தான் அது இருந்ததுக்கு சாட்சி. பேரு இருந்தாத்தான் அது குறைஞ்சதும் தெரியும்.

அன்னிக்கு ராத்திரி ரெண்டு வருஷப் பட்டியலை ஒரு பேப்பர்ல எழுதினேன். சின்னப் பழுப்புப் பறவைகள் மட்டும் எட்டு. சாம்பல்தலை வானம்பாடி, ஜெர்டன் புதர் வானம்பாடி, இந்தியப் புதர் வானம்பாடி, வயல் நெட்டைக்காலி, பிளைத் நெட்டைக்காலி, கதிர்க்குருவியில ரெண்டு, சிஸ்டிகோலா. பக்கத்துல ஒவ்வொண்ணுக்கும் ஒரு போட்டோ. காலையில மாமா கையில குடுத்தேன். காபி ஆறிப்போற வரைக்கும் பார்த்தாரு. "இத்தனையும் நம்ம காட்டுலயா அம்மிணி?"

"ஆமாங்க மாமா. இதுல ஒண்ணு மங்கோலியாலேர்ந்து வருதுங்க."

"அத்தாந்தூரத்துல இருந்தா?" கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "குருவி ஃபீஸு கட்டாது அம்மிணி"ன்னாரு. என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் இல்லை. திண்ணையில இருந்த அப்புச்சி மட்டும், "மாட்டுக்குன்னுதான் புல்லு வெச்சோம். இதுகளும் இருந்துட்டுப் போச்சு. சும்மாவா கெடந்துச்சு?"ன்னு முணுமுணுத்தாரு.

முடிவு இன்னும் வரலை. ஆடி கழியட்டும், பேசிக்கலாம்னு தரகர்கிட்ட சொல்லியிருக்காரு மாமா. எல்லாத்தையும் விடறதா, மேற்கால ரெண்டு ஏக்கரை மட்டும் விடறதான்னு வீட்டுல பேச்சு ஓடுது. ஆனா ஒண்ணு மாறியிருக்கு. அந்தப் பேப்பர் இப்போ மாமா வீட்டு காலண்டருக்குப் பின்னாடி, பட்டா நகலோட சேர்த்துச் செருகி இருக்கு. இனிமே எந்த முடிவு எடுத்தாலும், எதைக் குடுக்கிறோம்னு தெரிஞ்சு எடுப்பாங்க.

உங்க கேம்பஸ்லயும் இருக்கு!

'எனக்கு காங்கயத்துல அப்புச்சி இல்லையே'ன்னு யோசிக்கிறீங்களா? உங்க காலேஜுக்கு வேலி ஓரம் இல்லையா? புது பிளாக் கட்டறேன்னு சொல்லிக் கட்டாம விட்ட இடம்? கிரிக்கெட் கிரவுண்டுக்குப் பின்னாடி, யாரும் பந்து பொறுக்கப் போகாத அந்தப் புல்லு? அங்கே ஒரு கதிர்க்குருவியாவது வாலைத் தூக்கிக்கிட்டு உங்களைத் திட்டிக்கிட்டு இருக்கும், பாருங்க.

ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் லீவு நாட்கள்ல தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்குது. பிப்ரவரியில நாலு நாள், காலேஜ்களுக்குன்னே கேம்பஸ் பறவைக் கணக்கெடுப்பு. ஃபீஸ் கிடையாது, பெரிய கேமரா கட்டாயம் இல்லை. குறைஞ்சது பதினஞ்சு நிமிஷம் நின்னு, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணி இ-பேர்டுல போட்டா போதும். பேருக்குத் திண்டாடினா, பேராசிரியர் க.ரத்னம் தொகுத்த 'தமிழில் பறவைப் பெயர்கள்' மாதிரி புத்தகங்கள் லைப்ரரியில இருக்கான்னு கேளுங்க. லைப்ரரியன் உங்களை முதல் தடவையா உள்ளே பார்த்து மயங்கி விழாம இருந்தா சரி!

முதல் நாளே எட்டும் வராது. ஒண்ணு வரும். அந்த ஒண்ணை ஒரு வாரம் விடாம பாருங்க. எங்கே உட்காருது, எப்படி நடக்குது, எப்போ கத்துது, கிளம்பும்போது வால்ல வெள்ளை தெரியுதா... எல்லாத்தையும் நோட்டுல கிறுக்குங்க. அப்புறம் பேரைத் தேடுங்க. கிடைச்சதும் முதல் வேலையா, அந்த இடத்தைத் தினமும் தாண்டிப் போற வாட்ச்மேன் அண்ணன்கிட்ட சொல்லுங்க. "அட, இதுவா... இதைத் தினம் பார்ப்பனே தம்பி"ம்பாரு. பேரை அவருக்கும் சொல்லிக் குடுத்துட்டு வாங்க. ஒரு பறவைக்கு ரெண்டு சாட்சி ஆச்சு!